பொய் மீனும் மெய் உழைப்பும்

தூண்டில் போடுகிறவன் மீனிடம் பொய் சொல்கிறான் என்பதில் ஐயமில்லை. இரையைக் காட்டி முள்ளை மறைப்பது பொய்தானே? ஆயினும் அந்தப் பொய்யிலும் இரண்டு வகை உண்டு. உயிருள்ள புழுவையோ தவளையையோ முள்ளில் கோத்துப் போடுவது பாதிப் பொய். ஒரு மரத்துண்டைச் செதுக்கி, தேய்த்து, வர்ணம் பூசி, நீரில் இழுத்து, 'இதோ ஒரு மீன்குஞ்சு' என்று விராலை நம்பச் செய்வது முழுப் பொய். அந்த முழுப் பொய்யைச் சொல்வதற்குத்தான் அதிக உழைப்பும், அதிக ஒழுங்கும், அதிக உண்மையும் வேண்டியிருக்கின்றன. இதை நாற்பது வயதைக் கடந்த பிறகு, ஆறு மாணவர்களிடமிருந்தும் ஒரு முதிய தச்சரிடமிருந்தும் நான் கற்றுக் கொண்டேன். கற்ற விதம் எனக்குப் பெருமை தருவதன்று. ஆனால், குழந்தைகளுக்கு ஏதேனும் ஒரு கைத்தொழிலைக் கற்பிக்க நினைக்கும் நேயர்களுக்கு என் பிழையாவது பயன்படக் கூடும் என்று கருதி எழுதத் துணிந்தேன்.

தவளையில் தொடங்கிய கதை

எங்கள் ஊர் தாமிரபரணிக் கால்வாய் நீர் பாயும் ஒரு குளத்தின் கரையில் இருக்கிறது. நான் அவ்வூர்ப் பள்ளியில் பௌதிக சாஸ்திரம் கற்பிக்கும் உபாத்தியாயன். என் வகுப்பில் ஒரு பையன், தகப்பனாரை இழந்தவன், தாயார் கூலி வேலை செய்பவர். விடுமுறை நாட்களில் அவன் குளத்தில் விரால் பிடித்து விற்று, நோட்டுப் புத்தகச் செலவைத் தானே பார்த்துக் கொள்வான். விராலுக்குத் தவளையே இரை. ஒரு மீனுக்காகச் சில நாட்களில் ஐந்தாறு தவளைகள் உயிரை விடும்.

"தவளை என்ன பாவம் செய்தது?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அதுக்கு என்ன ஸார் செய்யறது? பொய்த் தவளை, பொய் மீன் எல்லாம் கடையிலே விக்கிறாங்க. ஒண்ணு வாங்கினா அம்மாவோட ஒரு நாள் கூலி போயிடும். அது கோரையிலே மாட்டி அறுந்துட்டா அதுவும் போச்சு" என்றான்.

தவளைகள் வயலிலே பூச்சிகளைத் தின்று விவசாயிக்கு உதவுபவை. அவற்றைக் காப்பதற்காகவே 1987-ம் வருஷத்தில் நமது அரசாங்கம் தவளைக்கால் ஏற்றுமதியைத் தடுத்தது. இதையெல்லாம் நான் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் வெறும் உபதேசத்தினால் பையனுடைய நோட்டுப் புத்தகம் நிரம்புமா? 'கடையில் வாங்க முடியாததை நாமே செய்தால் என்ன?' என்று தோன்றியது. மாலையில் பள்ளி விட்ட பின் ஒன்றரை மணி நேரம் கைத்தொழில் வகுப்பு என்று ஏற்பாடு செய்தேன். ஆறு பையன்கள் சேர்ந்தார்கள்.

இரு முன்னோடிகள்

இந்தத் தொழிலுக்கு நல்ல முன்னோடிகள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்து டோவாஜியாக் என்ற ஊரில் ஜேம்ஸ் ஹெட்டன் என்று ஒருவர் இருந்தார், தேனீ வளர்ப்பவர். ஒரு நாள் நண்பருக்காகக் குளக்கரையில் காத்திருந்தவர், பொழுது போகாமல் பேனாக்கத்தியால் ஒரு குச்சியைச் சீவி நீரில் எறிந்தாராம். உடனே ஒரு பெரிய மீன் அதன் மேல் பாய்ந்ததாம். கதை எவ்வளவு தூரம் உண்மையோ, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவர் மரத்தில் தவளை செதுக்கி மீன் பிடித்தது உண்மை. பிறகு அதுவே ஒரு பெரிய தொழிற்சாலையாக வளர்ந்தது.

மற்றவர் பின்லாந்து தேசத்து லௌரி ரபாலா. 1905-ல் பிறந்த ஏழை மீனவர். பையன்னே என்ற பெரிய ஏரியில் படகு வலித்துக் கொண்டே மீன்களின் நடத்தையைக் கவனிப்பார். பெரிய மீன் ஒன்று குஞ்சுகளின் கூட்டத்தில் பாயும்போது, சற்றே தள்ளாடி நீந்தும் குஞ்சையே பிடிப்பதை அவர் கண்டார். 1936-ல் தக்கை மரப்பட்டையைச் செருப்புத் தைக்கும் கத்தியால் செதுக்கி, சாக்லேட் மிட்டாய் சுற்றி வரும் வெள்ளித் தாளை மேலே ஒட்டி, அரக்குப் பூச்சு வாங்க வசதியில்லாமையால் போட்டோப் படச்சுருளை உருக்கிப் பூசி, தள்ளாடி நீந்தும் ஒரு பொய் மீனைச் செய்தார். 1962-ல் அமெரிக்காவின் 'லைப்' பத்திரிகை அதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. மர்லின் மன்றோ என்ற நடிகையின் மரணத்தை ஒட்டி வந்த இதழ் அது. ஆகையால் எங்கும் விற்றுத் தீர்ந்தது. பொய் மீனின் புகழும் அதனுடன் உலகெங்கும் பரவியது. ரபாலா 1974-ல் காலமானார்.

இந்த வரலாற்றைச் சொன்னதும் என் பையன்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை. 'ஒரு கத்தியும் மிட்டாய்த் தாளும் இருந்தால் போதும்' என்று நினைத்தார்கள். உண்மையைச் சொன்னால், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என் அவசரம்

யந்திரங்கள் வந்து இறங்கிய பைன் மரப் பெட்டிகளின் பலகையைச் சேகரித்தோம். லேசான மரம், ரேகையும் நேராக ஓடும். விரல் நீளத் துண்டுகளாக அறுத்துக் கத்தியால் செதுக்கினோம். பிறகு உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்கினோம். தேய்த்தோம், தேய்த்தோம், தேய்த்துக் கொண்டே இருந்தோம்! ஒரு பொய் மீனுக்கு நான்கு மணி நேரம் ஆயிற்று. அதில் பாதிக்கு மேல் தேய்ப்பதிலேயே போயிற்று. பையன்களின் விரல் நுனிகள் சிவந்தன, உற்சாகமும் குறைந்தது.

'இதற்கு யந்திரம் வேண்டும்' என்று தீர்மானித்தேன். நண்பர் ஒருவரிடமிருந்து உப்புத்தாள் சுழலும் ஒரு மின்சார யந்திரத்தை இரவல் வாங்கி வந்து, வகுப்பு அறையிலேயே ஓட்டினேன். மூன்று நாளில் இருபது மீன்கள் வழவழப்பாகி வரிசையாக நின்றன. அறை முழுவதும் மாவைத் தூவியது போல் மரத்தூள். நான் சாதித்து விட்ட மகிழ்ச்சியில் இருந்தேன்.

நான்காம் நாள் அந்தப் பையன் பள்ளிக்கு வரவில்லை. இரவெல்லாம் மூச்சுத் திணறி, விடியற்காலையில் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள். அவனுக்குச் சிறு வயது முதலே அந்த உபாதை உண்டு என்பதை நான் விசாரித்திருக்கவில்லை. ழகரத்துக்கும் ளகரத்துக்கும் உள்ள வேற்றுமையை எத்தனையோ பேருக்குச் சொல்லித் தந்தவன் நான். இழைப்பு வேலை அவனுக்கு இளைப்பாக முடிந்தபோதுதான் அவ்விரண்டும் எவ்வளவு அருகில் நிற்கின்றன என்பதை அறிந்தேன்.

அவன் தாயார் என்னைத் திட்டவில்லை. "வாத்தியாரையா, எழுத்துப் படிக்கத்தானே அனுப்பினேன்?" என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மரத்தூள் சாமானியமான பொருளன்று. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், 1995-ல் அதை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நெடுங்காலம் அதைச் சுவாசிப்போருக்கு மூக்கினுள்ளே அந்நோய் தோன்றக் கூடும். ஆஸ்த்மா உள்ளவர்களுக்கோ ஒரே நாள் போதும். பட்டம் பெற்ற நான் இதைப் படித்த பின்பு யந்திரத்தை ஓட்டியிருக்க வேண்டும்; ஓட்டிய பின்பு படித்தேன்.

பையன் இரண்டு நாளில் தேறி வீடு திரும்பினான். இதற்கிடையில் அந்த இருபது மீன்களையும் பள்ளியின் தண்ணீர்த் தொட்டியில் இட்டு நூலில் கட்டி இழுத்துப் பார்த்தோம். பதினேழு மீன்கள் ஒருக்களித்துப் படுத்தன; சில பம்பரம் போல் சுற்றின. நேராக நீந்தியவை மூன்றே மூன்று.

தச்சர் சொன்ன பாடம்

எங்கள் தெருவில் ஒரு முதிய ஆசாரி இருக்கிறார். கோயில் தேருக்கு வேலை செய்தவர். அவரிடம் ஒரு மீனைக் கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணருகே பிடித்து, தலையிலிருந்து வால் வரை ஒரு முறை நோக்கினார்.

"வலக் கன்னம் ஒரு நெல் கனம் குறைச்சல். நாக்குத் தகடும் கோணல். வாத்தியாரையா, இது எப்படி நேரா நீந்தும்?" என்றார்.

"யந்திரம் ஒரு பக்கம் அதிகமாகத் தின்றுவிட்டது, ஆசாரியாரே" என்றேன்.

"யந்திரத்தைக் குத்தம் சொல்லாதீங்க. உருட்டுறதுக்கு உப்புத்தாளைப் போட்டதுதான் குத்தம். உருவம் கொடுக்கிறது உளி வேலை. உளி விட்ட தழும்பை ஆத்துறதுதான் உப்புத்தாள் வேலை. தேய்க்க நேரமாகுதுன்னா, செதுக்கினது சரியில்லைன்னு அர்த்தம்."

இந்த ஒரு வாக்கியத்திற்காக நான் இருபது மீன்களையும் ஒரு பையனின் இரண்டு நாள் மூச்சையும் விலையாகக் கொடுத்திருந்தேன். அவர் எங்கள் வகுப்புக்கு நான்கு மாலை வந்தார். அவர் காட்டிய முறையை, என் சோதனைகளையும் சேர்த்து, இங்கே வரிசையாகச் சொல்லுகிறேன்.

செய்முறை

முதலாவது, மரம். பெட்டிப் பலகையானால் அதன் மேலுள்ள முத்திரையைப் பார்க்க வேண்டும். 'எச்.டி.' என்றிருந்தால் வெப்பத்தினால் பதம் செய்த மரம்; அதை எடுக்கலாம். 'எம்.பி.' என்றிருந்தால் பூச்சிகளைக் கொல்ல விஷவாயுவில் வைத்த மரம். அதைத் தொட வேண்டாம். கணுவில்லாமலும், ரேகை தலையிலிருந்து வாலுக்கு நேராக ஓடுவதாகவும் இருக்க வேண்டும். ரேகை குறுக்கே ஓடினால் கத்தி ஒரு பக்கம் வழுக்கும், மறு பக்கம் பிய்க்கும்.

இரண்டாவது, அளவு. துண்டை இழைப்புளியால் சரியான சதுரமாக்கி, நான்கு முகங்களிலும் நடுக்கோடு போட வேண்டும். தகரத்தில் வெட்டிய அச்சு ஒன்றை வைத்துப் பக்கத் தோற்றத்தையும் மேல் தோற்றத்தையும் வரைந்து கொள்ள வேண்டும். அச்சு ஒன்றே ஆகையால் மீன்களெல்லாம் ஒன்றுபோல் வரும்.

மூன்றாவது, துளைகள். இதுதான் நாங்கள் தலைகீழாகச் செய்தது. மீனை உருட்டிய பிறகு நாக்குத் தகட்டுக்குப் பிளவு அறுத்தோம். உருண்ட பொருளில் எது நேர், எது கோணல் என்று கண்ணுக்கு எப்படித் தெரியும்? ஆகையால் துண்டு சதுரமாக இருக்கும்போதே நாக்குக்குரிய பிளவையும், முள் மாட்டும் கம்பிக்குரிய துளையையும், வயிற்றில் ஈயம் வைக்கும் குழியையும் முடித்துவிட வேண்டும். சதுரத்தின் முகமே ரம்பத்துக்கு வழிகாட்டும்.

நான்காவது, உருவம். முதலில் பக்கத் தோற்றத்தை மெல்லிய ரம்பத்தால் அறுத்து, கழிந்த துண்டுகளை மறுபடியும் ஒட்டு நாடாவால் அதனதன் இடத்தில் ஒட்டி, பிறகு மேல் தோற்றத்தை அறுக்க வேண்டும். துண்டுகளை ஒட்டாவிட்டால் மேலே வரைந்த கோடும் போய்விடும், கீழே தாங்கும் தளமும் போய்விடும்.

பிறகு உருட்ட வேண்டும். இதற்கு ஆசாரியார் சொன்ன உபமானம் என்னைக் கவர்ந்தது. "சிவலிங்கம் எப்படி இருக்கு? அடியிலே சதுரம், நடுவிலே எட்டுப் பட்டை, மேலே உருண்டை. சதுரத்திலிருந்து நேரே உருண்டைக்குத் தாவக் கூடாது. எட்டுப் பட்டை வழியாத்தான் போகணும்" என்றார். சதுரத்தின் பக்கம் 24 மில்லிமீட்டர் என்றால், ஒவ்வொரு விளிம்பிலிருந்தும் 7 மில்லிமீட்டர் தள்ளிக் கோடு போட்டு, கோட்டுக்குக் கோடு மூலையைச் சீவினால் எட்டுப் பட்டை கிடைக்கும். தலையும் வாலும் ஒடுங்குமிடத்தில் அதே விகிதத்தில் கோடும் ஒடுங்க வேண்டும். எட்டுப் பட்டையிலிருந்து பதினாறு பட்டை. அதற்கு மேல் கத்திக்கு வேலையில்லை. ஒவ்வொரு நிலையிலும் பட்டைகளின் அகலத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாமாகையால், ஒரு கன்னம் மெலிந்தால் அப்பொழுதே தெரிந்துவிடும். தொட்டியில் இழுக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஐந்தாவதாகத்தான் உப்புத்தாள். அதன் எண் சிறிதானால் மணல் பெரிது. எண் பெரிதானால் மணல் சிறிது. என் பையன்கள் கீறல் விழுமென்று அஞ்சி, முதலிலேயே நுண்மையான தாளை எடுத்தார்கள். பட்டை முனைகளை நுண்தாளால் கரைப்பது, மலையை ஊசியால் தோண்டுவது போல. அவர்களுடைய நேரமெல்லாம் அங்கேதான் போயிற்று. 80-ல் தொடங்கி, 120, 180, 240 என்று படிப்படியாக ஏற வேண்டும். 80-ம் எண் தாள் பட்டை முனைகளைக் கரைக்கிறது. அதன் பின் வரும் ஒவ்வொரு தாளுக்கும் ஒரே வேலைதான்: முந்திய தாள் விட்ட கீறலை அழிப்பது. ஒரு படியைத் தாண்டினால் மிச்சப்படும் நேரத்தைப் போல் இரு மடங்கு அடுத்த படியில் செலவாகும். தேய்ந்த தாளை அழுத்தித் தேய்ப்பதும் வீண். மரம் சூடாகுமே தவிரக் கரையாது.

தேய்க்கும் விதமும் உண்டு. விரலால் தாளை அழுத்தினால் விரலின் பள்ளமே மரத்தில் விழும். மூங்கிலை இரண்டாகப் பிளந்து அதன் உட்குழிவில் தாளை ஒட்டி, அதனால் நீளவாக்கில் தேய்த்தால் உருண்டை தானாகவே அமையும். துணியில் ஒட்டிய உப்புத்தாளை ஒரு விரற்கடை அகல நாடாவாகக் கிழித்து, மீனைப் பட்டறைப் பிடியில் வைத்து, செருப்புக்கு மெருகு ஏற்றுவது போல் இரு கையாலும் இழுப்பது மற்றொரு வழி. வாலில் ஒரு திருகாணியை முடுக்கி அதையே பிடியாகக் கொண்டால் கை வலிக்காது. இரு பக்கமும் எண்ணிக்கையாக, இங்கே இருபது இழுப்பு என்றால் அங்கேயும் இருபது இழுப்பு என்று தேய்க்க வேண்டும்.

மற்றொரு சிக்கனம்: ஒரு மீனை முழுவதும் முடித்துவிட்டு அடுத்ததை எடுக்காமல், பன்னிரண்டு மீன்களுக்கும் 80-ம் எண்ணை முடித்த பிறகே 120-க்குப் போக வேண்டும். தாள் மாற்றும் நேரம் மிச்சம். கையும் ஒரே அசைவில் பழகிப் போகும்.

ஆறாவது, ஈரத்துணி. 240 முடிந்ததும் மீனை ஈரத்துணியால் ஒரு முறை துடைத்து உலர விட்டால், அமுங்கிக் கிடந்த நார்கள் மயிர் போல் எழுந்து நிற்கும். 320-ம் எண் தாளால் மெல்ல வருடினால் அவை உதிர்ந்துவிடும். இதைச் செய்யாவிட்டால் வர்ணம் பூசிய பிறகு அவை எழுந்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும். பிறகு ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை ஒரு கை பூசி, மறுபடி ஒரு முறை வருட வேண்டும். அதற்கு மேல் மெருகு ஏற்றுவது வீண் ஆடம்பரம். அதிக வழவழப்பில் வர்ணம் பிடிக்காது. அரக்கு மட்டும் நீரைத் தாங்காது. ஆகையால் வர்ணத்தின் மேல் நல்ல வார்னிஷ் அவசியம்.

கடைசியாக, மூச்சு. தேய்க்கும் வேலை இப்பொழுது அறைக்குள் நடப்பதில்லை. வேப்பமரத்தடியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி அமர்ந்து நடக்கிறது. ஒவ்வொருவரும் தூசி வடிக்கும் முகக்கவசம் அணிகிறார்கள். தூளை வாயால் ஊதக் கூடாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பின்பே பலகாரம். அந்தப் பையன் செதுக்குவான், கோடு போடுவான், தொட்டியில் சோதிப்பான். தேய்க்கும் இடத்துக்கு வருவதில்லை. இதை அவன் தாயாரிடம் நேரில் சொல்லி, அவருடைய சம்மதம் பெற்ற பிறகே அவனை மீண்டும் சேர்த்துக் கொண்டேன்.

தொட்டியின் தீர்ப்பு

இந்த முறையில் ஆறு பையன்களும் பன்னிரண்டு மீன்களை இரண்டே மாலையில் வர்ணம் பூசும் நிலைக்குக் கொண்டு வந்தார்கள். மீன் ஒன்றுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அதில் தேய்ப்பது அரை மணிக்கும் குறைவு. தேய்ப்பது குறைந்ததால் தூளும் குறைந்தது. வேகத்துக்கு நாங்கள் செய்த உபாயமே ஆரோக்கியத்துக்கும் உபாயமாயிற்று. முன்பு யந்திரத்தைக் கொண்டு வந்து நான் வேலையைப் பெருக்கினேன். இப்போது ஒரு பென்சில் கோடு வேலையைக் குறைத்தது.

வர்ணம் பூசுவதற்கு முன்பே முள்ளை மாட்டித் தொட்டியில் விட்டோம். பொய் மீன் நீந்துவதில் உள்ள சாஸ்திரம் இதுதான்: இழுக்கும்போது நாக்குத் தகட்டின் மேல் மோதும் நீர், தலையைக் கீழே தள்ளுகிறது; தகட்டின் இரு புறமும் மாறி மாறிச் சுழல்கள் பிரிந்து உடலை இடமும் வலமும் ஆட்டுகின்றன; வயிற்றிலுள்ள ஈயம் அதைச் சாய விடாமல் மீட்கிறது. இரு கன்னமும் சமமாக இருந்தால்தான் இந்த ஆட்டம் நடக்கும். தள்ளாடுவதற்கும் ஒரு நேர்மை வேண்டும்! பன்னிரண்டில் பத்து மீன்கள் முதல் இழுப்பிலேயே சரியாக ஆடின. மற்ற இரண்டும் ஈயத்தைச் சற்றுக் குறைத்ததும் ஆடின.

யந்திரத்தை நான் பகைக்கவில்லை. ரபாலாவின் பெயர் கொண்ட தொழிற்சாலையிலும் யந்திரங்கள் செதுக்கத்தான் செய்கின்றன. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று அறிந்த கைக்குத்தான் யந்திரம் வேலைக்காரன். அறியாத கைக்கு அது எஜமானன். எங்கள் பள்ளியில் அந்த இரவல் யந்திரத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. தூளை உறிஞ்சும் வசதியும், அதை ஆளத் தெரிந்த வயதும் வரும்போது பையன்கள் தாங்களே வாங்கிக் கொள்ளட்டும்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு விரால். இரண்டு கிலோ இருக்கும்.

"தவளை இல்லை ஸார். நாம செஞ்சதுலே, மூணாவது மீன்" என்றான்.

எனக்கென்று கொண்டு வந்ததாகச் சொன்னான். நான் சைவம் என்பது அவனுக்குத் தெரியாது போலும். அதைச் சந்தையில் விற்று நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொள்ளும்படி சொல்லி அனுப்பினேன். வாசற்படி இறங்கியவன் திரும்பி வந்து, பற்குறி பதிந்த அந்த மரமீனை மட்டும் என் கையில் வைத்துவிட்டுப் போனான். அதன் வலக் கன்னத்தையும் இடக் கன்னத்தையும் விரலால் தடவிப் பார்த்தேன். இரண்டும் சமமாகவே இருந்தன.